தெற்குப் பார்த்த பிரிட்ஜ்

மார்ச் பிறந்தும் போர்ட் அகஸ்டாவில்
நாற்பத்தொரு பாகை.
கரவன் தரிப்பிடத்தில் எங்களுக்கு விழுந்தது
பத்தொன்பதாம் இலக்கம்.
மரமில்லை. ஒரு குழாய் உண்டு,
திறந்தால் தேத்தண்ணி போடலாம்.

பிரிட்ஜுக்குள் பதினைந்து.
தவநேசன் வாங்கிய வால் நீண்ட வெப்பமானி சொன்னது:
வால் உள்ளே, முகம் வெளியே.
கதவைத் திறந்து பார்த்தால்
பார்த்ததற்கும் இரண்டு பாகை கூடிவிடும்
என்பதற்காக வாங்கியது.

உள்ளே அரைப் போத்தல் பால்,
அவருடைய கண்மருந்து, முத்திரை உடைக்காதது இரண்டு,
முக்கால் கோவா,
விடியற்காலை வளைகுடாவில் பிடித்த வைட்டிங் ஆறு.
கிழங்கானுக்குத் தூரத்துச் சொந்தமாம்.
பெயர் வைக்காத குறை.

வினோதமான பெட்டி இது.
நெருப்பு மூட்டினால்தான் குளிரும்.
முதுகுப் பக்கம் நகத்தளவு நீலச் சுடர்;
உள்ளிருக்கும் சூட்டைத் தூக்கிப்போய்
வெளியே கொட்டிவிட்டு வருவது அதன் தொழில்.
வெளியே அதைவிடக் கொதித்தால்
எங்கே போய்க் கொட்டும், பாவம்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தோம்.
குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது.
சில்லுக்குக் கீழே பலகை கொடுத்தோம்.
கோவாவை வெளியே எடுத்தோம்,
காற்றுக்கும் உள்ளே இருக்க இடம் வேண்டுமே.
பின்புறக் கிராதிக்குள் குளவி கட்டிய மண்வீடு;
பழைய பல்துலக்கியால் அதை இடித்தார்,
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.

பதின்மூன்று.
அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

பிறகுதான் நான் காற்றைக் கவனித்தேன்.
வடக்கிலிருந்து வந்தது.
எங்கள் மொழியில் அதற்கு வாடை என்று பெயர்.
சொல்லும்போதே போர்வை தேடும் கை.
இங்கே அதே திசையிலிருந்து
ஒரு பாலைவனத்தையே அள்ளி வந்து
பிரிட்ஜின் முதுகில் கவிழ்க்கிறது.
நண்பகல் வெயிலும் அந்தப் பக்கம்தான்.
இருபத்தாறு வருடம் இந்த நாட்டில்.
என் உடம்பின் திசைகாட்டி மட்டும்
இன்னும் குடியுரிமை எடுக்கவில்லை.

"கரவனைத் திருப்புவம்," என்றேன்.
"வேண்டாம்."
"ஏன்?"
சில்லைப் பார்த்தார். சுடரைப் பார்த்தார்.
"முதுகு தெற்கே போனால்
தலையணை வடக்கே போகும்."

மின்பொறியாளர். கோயிலில்கூட
செருப்புக்குக் காவல் நிற்பவர்.
பத்தொன்பதாம் இலக்கத்தில் வண்டியை
முன்னும் பின்னுமாக இருபது நிமிடம்
எதற்கு இழுத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.
தலைமாட்டை மாற்றிப் படுக்கவும் வழியில்லை,
கால்மாட்டில் அலமாரி மூக்கை இடிக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மீனைப் பற்றி மட்டும் கேட்டேன்.

பக்கத்துக் கரவன் டாரில்
பியர்க் குவளையோடு கைகாட்ட,
நான்கு மணிக்குத் திருப்பினோம்.
இருட்டும்வரை பதினொன்று. பிறகு பத்து.
படுத்தோம், வடக்கே தலை வைத்து.
யமனுடைய திசைக்கு நான்கு உள்ளங்கால்கள்.
அவர் கூரையைப் பார்த்தபடி
வழக்கத்தைவிட நேராகக் கிடந்தார்.

மூன்று மணிக்குக் கரவன் ஒரு தடவை குலுங்கியது.
காற்று மாறியிருந்தது.
தெற்கிலிருந்து, கடல் உப்போடு,
கால்விரல் இடுக்குகளுக்குள்ளே வந்தது.
தென்றல்.
அந்த ஒரு சொல்லாவது
விமானத்தில் வரும்போது புரண்டுபோகவில்லை.

கைத்தொலைபேசி வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன்.
வெப்பமானியின் முகத்தை. பிறகு, அவருடையதை.
கண் திறந்திருந்தது.

"எவ்வளவு?"

"ஐந்து."

கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார்.
"அப்ப மீனும் பழுதாகேல்லை," என்றார்.
"நானும் பழுதாகேல்லை."

திரும்பிப் படுத்தார்.
ஒரு நிமிடத்துக்குள் குறட்டை.
பின்சுவருக்கு அப்பால்
நகத்தளவு தீ
எரிந்து, குளிர்ந்துகொண்டிருந்தது.